குடியை விட்டபின் எடை ஏறுகிறது, சாப்பாட்டைக் குறைக்கலாமா?

செங்காந்தள்

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 43 வயது, உயரம் 168 செ.மீ. பல வருடமாகத் தினமும் ஒரு குவாட்டர், சில நாள் அதற்கு மேலும் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து முறைப்படி நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. அதோடு சிகரெட்டையும் விட்டுவிட்டார். சேர்க்கும்போது 58 கிலோ, இப்போது 67. பழைய பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை.

பசி என்றால் அப்படி ஒரு பசி. முன்பு தொடவே தொடாத லட்டு, ஜிலேபி எல்லாம் பொட்டலம் பிரித்த கையோடு காலி. சாயங்காலம் ஆனால் வாய் சும்மா இருப்பதில்லை. சொந்தக்காரர்கள் "நல்லா தேறிட்டாரு" என்கிறார்கள். அவரோ "குடிச்சப்போ இந்தத் தொப்பை இல்லையே" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். எனக்குப் பயமே அந்தப் பேச்சுதான்.

ராத்திரி சோற்றை நிறுத்திவிடலாமா? 16 மணி நேர விரதம் இருக்கச் சொல்கிறார்கள், இவருக்குச் சரிப்படுமா? என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

உழக்கு

விரதம் வேண்டாம். ராத்திரி சோற்றை அடியோடு நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு குவாட்டர் 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையாகப் பார்த்தால் 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி வீதம் 420 கலோரி. இவ்வளவு கலோரி நின்றுபோனால் இளைக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டே குடிப்பவர்களுக்கு அப்படித்தான் நடக்கும், விட்டால் தொப்பை இறங்கும். உங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்த ரகம் போலத் தெரிகிறது. அந்த ரகத்துக்கு எடை ஏறும்.

காரணம் மூன்று. இரைப்பை எரிச்சலால் பசி செத்துப் போயிருக்கும். சாப்பிட்ட கொஞ்சத்தையும் குடல் ஒழுங்காக உறிஞ்சியிருக்காது. தினமும் அதிகம் குடிப்பவர்களின் கல்லீரல் ஆல்கஹாலில் ஒரு பகுதியைப் பயனில்லாத சூடாக எரித்துத் தள்ளிவிடும். குடி நின்றதும் இந்த மூன்றும் சரியாகின்றன. வறண்டு கிடந்த கல்லீரலும் தசையும் கிளைகோஜனை (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேர்க்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். முதல் சில வாரத்து ஏற்றத்தில் இதுவும் அடக்கம். ஆகவே அந்த 9 கிலோவில் ஒரு பங்கு, உடம்புக்குத் திரும்பி வர வேண்டிய எடை. 168 செ.மீ.க்கு 58 கிலோ என்பது பி.எம்.ஐ. கணக்கில் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 20.5, பார்க்க அழகான எண். ஆனால் தொடைச் சதையும் தோள் சதையும் கரைந்து வந்த எண் அது. அந்த எடைக்குத் திரும்புவதை இலக்காக வைக்காதீர்கள். நம்மவர்களுக்குச் சொல்லப்படும் எல்லை 23, அதாவது அவர் உயரத்துக்கு 65 கிலோ. தாண்டியிருப்பது 2 கிலோதான்.

சிகரெட்டையும் சேர்த்து விட்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். புகையை மட்டும் விட்டவர்களுக்கே முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. அந்தக் கணக்கையும் குடியை விட்டதன் தலையில் கட்டுகிறார். இதை அவரிடமே சொல்லுங்கள்.

இப்போது எதைக் குறைப்பது? சோற்றுக்கு முன்னால் டீயை எண்ணுங்கள். கடை டீ ஒரு கிளாஸில் சர்க்கரை 2 ஸ்பூன், 10 கிராம், 40 கலோரி. பாலோடு சேர்த்தால் 80 வரும். குடியை விட்டவர்கள் நாளைக்கு ஆறு டீ குடிப்பது சாதாரணம். ஆறு டீ 480 கலோரி, விட்ட குவாட்டரைவிட அதிகம்! டீயையே நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று என்று இறக்குங்கள். நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். சாயங்காலம் 4 மணிக்குப் பிறகு குடிக்கும் டீயை நீர்மோராகவோ உப்பு போட்ட எலுமிச்சைச் சாறாகவோ மாற்றினால் தூக்கமும் சீர்படும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றி ஏமாற வேண்டாம். எடைக் கணக்கில் எல்லாம் ஒன்றுதான்.

அடுத்தது சாயங்காலம். முன்பு கடைக்குக் கிளம்பிய அதே நேரத்தில்தான் பசியும் வரும். பசியையும் குடி ஆசையையும் அந்த நேரத்தில் உடம்பால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் விரதம் வேண்டாம் என்றேன். வெறும் வயிற்றோடு ஆறு மணியைத் தாண்டவிடுவது ஆபத்து. ஐந்தரைக்கே கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள். 40 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 150 கலோரி, 8 கிராம் புரதம். அல்லது அவித்த முட்டை இரண்டு, 12 கிராம் புரதம். அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்தது. பொரித்ததும் மிக்சரும் வேண்டாம், 100 கிராம் மிக்சர் 500 கலோரியைத் தாண்டும். அதோடு மிக்சர், காரக்கடலை எல்லாம் 'சைடு டிஷ்' ஞாபகத்தைக் கிளப்பும் பண்டங்கள். அவற்றை வீட்டிலேயே வைக்காமல் இருப்பது நல்லது.

ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்குள். 60, 70 கிராம் அரிசி வடித்த சோறு, அதே அளவுக்குக் குறையாமல் கூட்டோ பொரியலோ, பருப்பு அல்லது மீன். சப்பாத்திக்கு மாறினால் இளைக்கும் என்பது நம்பிக்கைதான். எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தி இந்தச் சோற்றைவிடக் கூடுதல்.

இனிப்புக்குத் தடை போடாதீர்கள், இடம் குறித்துக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு சின்னக் கடலை மிட்டாய், அல்லது இரண்டு பேரீச்சம்பழம். கால் கிலோ பொட்டலம் வீட்டுக்குள் வந்தால் கால் கிலோவும் போகும். ஒற்றையாக வாங்கி வாருங்கள்.

வைகைக்கரை

கொள்ளு ரசம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துப் பாருங்க சகோதரி. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க. வெந்நீர்ல தேன், எலுமிச்சையும் நல்லது.

உழக்கு

கொள்ளு நல்ல பருப்பு, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் அந்தப் புரதம் அடியில் இருக்கும் கொள்ளில் இருக்கிறது, மேலே தெளிந்த ரசத்தில் இல்லை. துவையலாகவோ சுண்டலாகவோ கொடுங்கள். அது கொழுப்பைக் கரைக்காது, பசியைத் தள்ளிப்போடும். தேன் வெந்நீர் என்பது சர்க்கரைத் தண்ணீர். வயிற்றில் புண் இருந்தவருக்கு வெறும் வயிற்றில் எலுமிச்சை எரியும்.

ஏழாம் வார்டு

மேலே சொன்ன சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் ஏறியது கொழுப்பாக இருந்தால்தான். முதலில் அது கொழுப்பா நீரா என்று பாருங்கள். பல வருடம் குடித்தவரின் வயிறு பெரிதாகிறது என்றால், கல்லீரல் வார்டில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து உடனே நிரம்பாமல் நின்றால் நீர். சாயங்காலம் கணுக்காலில் செருப்பு வார் அல்லது சாக்ஸ் அச்சு ஆழமாகப் பதிகிறதா பாருங்கள். படுக்க வைத்தால் கொழுப்புத் தொப்பை தளர்ந்து கையில் பிடிபடும். நீர் கோத்த வயிறு இரண்டு விலாப் பக்கமும் அகன்று இறுக்கமாக இருக்கும், தொப்புள் வெளியே தள்ளும். வயிறு ஏறும்போதே கையும் நெற்றிப் பொட்டும் ஒட்டிப் போயிருந்தால் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடையைத் தினமும் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் கக்கூஸ் போய்வந்த பிறகு, சாப்பிடுமுன், அதே மெஷினில் போதும். அதோடு இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் படியுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. வாரம் அரை கிலோ ஏறுவது சாப்பாட்டால். ஒரே நாளில் ஒரு கிலோ, அல்லது ஒரே வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாடு இல்லை. அன்றே டாக்டரிடம் போங்கள். கண் மஞ்சள், கரிய மலம், ரத்த வாந்தி, பகலில் தூங்கி ராத்திரி முழித்துக் குழப்பமாகப் பேசுவது, காய்ச்சலோடு வயிற்று வலி, இதில் எது இருந்தாலும் எடைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்கு.

நீர் என்று தெரிந்தால் மெடிக்கலில் "நீர் மாத்திரை" வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். பொட்டாசியமும் சோடியமும் இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். உப்பு நாளைக்கு 5 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன், மூன்று வேளைக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு இருந்தால் அந்தக் கணக்கு அப்போதே உடைந்துவிடும். மேலே சொன்ன நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் அப்போது உப்பில்லாமல்தான். புரதத்தை மட்டும் பயந்து குறைக்காதீர்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கும் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். "ஈரல் நோய்க்குப் பருப்பு, முட்டை ஆகாது" என்று பத்தியம் வைத்துத்தான் பலர் சதை கரைந்து வருகிறார்கள்.

டெஸ்ட்: லிவர் ஃபங்ஷன், அதோடு ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம், முழு ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரச் சர்க்கரையும், கொழுப்பு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், வயிற்று ஸ்கேன். ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு வரி இருக்கும், இரண்டும் கல்லீரல் என்சைம்கள். குடியால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்காக இருக்கும். குடி நின்று சில மாதம் ஆகியும் எஸ்ஜிபிடி அதைவிட மேலே நின்றால், சர்க்கரையாலும் எடையாலும் கொழுப்பு படிகிறதா என்று டாக்டர் பார்ப்பார். அப்படியானால் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் தேறும். மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், ரத்தசோகை இருந்தவருக்கு அந்த எண் தப்பாகக் காட்டும்.

அட்டைப்பெட்டி

மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன மருந்து என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்.

எடை ஏற்றுவதில் பெயர் எடுத்தவை: தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மிர்டாசபின், ஒலான்சபின், குவட்டியாபின். வலிப்புக்கோ மனநிலைக்கோ கொடுக்கும் வால்புரோயேட். கால் எரிச்சலுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பிரிகாபாலின், இது கால் வீக்கமும் கொண்டுவரும். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம், இவற்றின் மேல் பழி போட வேண்டாம். தயமின் போன்ற பி வைட்டமின் மாத்திரையும் குண்டாக்காது, அதை நிறுத்தக் கூடாது.

எல்லாரும் கோட்டைவிடுவது ஒரு பாட்டிலை. 'பசி டானிக்', 'லிவர் டானிக்' என்று வாங்கும் சிரப் பலவற்றில் சைப்ரோஹெப்டடின் இருக்கும், கூடவே ட்ரைகோலின் சிட்ரேட். பசியைக் கிளப்புவதுதான் அதன் வேலை. சாப்பிடவே முடியாத முதல் சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை, தீரத் தீர வாங்கி மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பசி பசி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பாட்டிலைத்தான்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்புரோயேட்டையும் பிரிகாபாலினையும் பட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். மற்றவற்றை விட்டால் தூக்கம் போகும், தூக்கம் போன இடத்தில் குடி வந்து உட்காரும். "எடை நாலு மாதத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறது, மாற்று உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்று உண்டு.

செங்காந்தள்

எல்லாருக்கும் நன்றி. காலில் குழி விழவில்லை. இடுப்பு 93 செ.மீ. டீயை எண்ணினேன், ஏழு! தூக்க மாத்திரையில் மிர்டாசபின் என்று இருக்கிறது. சிரப்பிலும் நீங்கள் சொன்ன சைப்ரோஹெப்டடின் இருக்கிறது, தினம் மூன்று வேளை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். டைசல்ஃபிராமும் சாப்பிடுகிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. மாமியார் செரிமானத்துக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் ஒரு அரிஷ்டமும், இளைக்கும் பொடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா? அவர் ஜிம்முக்குப் போகிறேன் என்கிறார், விடலாமா?

அட்டைப்பெட்டி

அரிஷ்டத்தை இன்றே அப்புறப்படுத்துங்கள். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை, அதிலேயே ஆல்கஹால் ஊறியிருக்கும். லேபிளில் 'தானாக உண்டாகும் ஆல்கஹால்' என்று சதவீதத்தோடு போட்டிருக்கும், பாருங்கள். 10 சதவீதம் வரைகூட இருக்கும், பீரைவிட அதிகம். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவருக்கு அதைக் கொடுத்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கும். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரை இந்த அபாயம் உண்டு. டைசல்ஃபிராம் இல்லாவிட்டாலும் அந்தச் சுவையும் வாசனையுமே போதும், பழைய ஞாபகத்தைக் கிளப்ப. சில இருமல் சிரப், ஹோமியோபதி சொட்டு மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், ஷேவிங் லோஷன் இவற்றிலும் ஆல்கஹால் இருக்கும். மாமியாரிடம் கோபிக்க வேண்டாம், இது பலருக்குத் தெரியாத விஷயம்.

இளைக்கும் பொடியும் வேண்டாம். கொடம்புளிச் சாறு, கிரீன் டீ சாரம் கலந்த இளைப்பு மருந்துகளால் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சீந்தில் பொடிக்கும் அப்படி உண்டு. நல்ல கல்லீரலுக்கே இந்தக் கதி என்றால் தேறிவரும் கல்லீரலை வைத்துப் பரீட்சை பார்க்கக் கூடாது.

சிரப்பைப் பற்றி டாக்டரிடம் போனிலேயே கேட்டுவிடலாம். பசி நன்றாக வந்தவருக்கு அதற்கு வேலை இல்லை. மிர்டாசபினை நேரில் போய்த்தான் பேச வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம், எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போகும்.

ஏழாம் வார்டு

குழி இல்லை என்பது நல்ல செய்தி, ஆனால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கொஞ்சமாக நீர் கோத்திருந்தால் வெளியே தெரியாது.

ஜிம்முக்கு முன்னால் ஒரு ஈசிஜி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் எக்கோவும் (இதய ஸ்கேன்). நெடுநாள் குடி இதயத் தசையையும் தளர்த்தும். பாதம் மரத்திருக்கிறதா, எரிகிறதா என்று கேளுங்கள். மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், ஷூ போட்டு நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவருக்கு வலி தெரியாது.

உழக்கு

இடுப்பு 93 என்றால் பதற வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு இலக்கு 67-ஐ அங்கேயே நிறுத்துவது. டீ, சிரப் இரண்டு மட்டும் சரியானாலே ஏற்றம் நின்றுவிட வாய்ப்பு அதிகம். நாலு மாதத்தில் 9 கிலோ என்றால் தினமும் சராசரி 500 சொச்சம் கலோரி உபரி, அவருடைய ஏழு டீயே 560. பிறகு வாரம் கால் கிலோ வீதம் இறக்கலாம்.

ஜிம்முக்குப் போகட்டும், ஆனால் மணிக்கணக்கில் டிரெட்மில் ஓட வேண்டாம். தொலைந்த தசையைத் திரும்பக் கட்டுவதுதான் முதல் வேலை. ஈசிஜி பார்க்கும்வரை வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக இரண்டு தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே கணக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள். நடை தினமும் அரை மணி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு, சுண்டலுக்குப் பிறகு. எந்தத் தெரு வழியாக நடப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள், கடை இருக்கும் தெரு வேண்டாம்.

புரதம் அவருக்கு நாளைக்கு 80 கிராம் வேண்டும், பவுடர் இல்லாமலே வரும். முட்டை 2, அதில் 12. பால் கால் லிட்டர், 8. தயிர் ஒரு பெரிய கிண்ணம், 6. பருப்பு 50 கிராம், 11. மாலைச் சுண்டல், 8. மீனோ கோழியோ 100 கிராம், 20. மிச்சம் அரிசி, இட்லியிலிருந்து வந்துவிடும். மீன் இல்லாத நாளில் இன்னும் இரண்டு முட்டை வெள்ளைக்கரு, கூடக் கொஞ்சம் பருப்பு. ஜிம்மில் டப்பா எதையாவது கையில் கொடுத்தால், வாங்கி வந்து அட்டைப்பெட்டி சொன்ன மாதிரி பின்பக்கத்தைப் படித்து இங்கே போடுங்கள்.